வேட்டைக் காட்சி உள்ள பழைய அலங்காரப் பட்டை அச்சு: எட்சிங்கா, என்கிரேவிங்கா? எந்தக் காலம்?

கொடிக்கருக்கு:

வணக்கம். 14.8 செ.மீ. நீளம், 4.1 செ.மீ. உயரம் உள்ள பட்டை வடிவ அச்சுப்படம் ஒன்றை அடையாளம் காண உதவி வேண்டும். முழு நீளத்துக்கும் அகாந்தஸ் (ஓரம் பிளந்த அலங்கார இலை) இலைக்கொடி சுருண்டு ஓடுகிறது. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஓர் உருவம். இடமிருந்து வலமாக: கொம்பு ஊதுகிறவன், இரண்டு நாய்கள், ஓடும் ஆண் மான், ஈட்டிக்காரன், அவனை நோக்கிப் பாயும் காட்டுப்பன்றி. கடைசிச் சுருளில் மட்டும் ஒரு முயல் பின்னங்காலில் நின்று தோளில் தடி சுமக்கிறது. தடியில் தொங்குவது நாய் போல இருக்கிறது.

கையெழுத்தோ எழுத்துக்குறியோ இல்லை. தகடு அழுந்திய தடம் மேல்பக்கமும் இடப்பக்கமும் மட்டும் தெரிகிறது. கீழும் வலமும் கத்தரித்திருக்கிறார்கள். பின்னால் பென்சிலில் 'நூரெம்பர்க், 16ஆம் நூற்றாண்டு' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

கேள்விகள் மூன்று. இது அமிலத்தில் அரித்ததா, உளியால் செதுக்கியதா? பென்சில் குறிப்பை எந்த அளவுக்கு நம்பலாம்? இதே பாணியில் ஒரு தகடு செய்து பார்க்க வேண்டுமானால் எங்கே சிக்கும்?

---

தகடும்மசியும்:

முதல் கேள்விக்கு பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். மானின் வயிற்றுப் பக்கம் உள்ள நிழல் கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முழு உருவத்தையும் பார்க்காமல், ஒரே ஒரு கோட்டின் இரண்டு முனைகளை மட்டும் பாருங்கள். பியூரின் உளியால் செதுக்கிய கோடு ஊசி முனையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலிந்து முடியும். ஓரம் சுத்தமாக இருக்கும். அமிலத்தில் அரித்த கோட்டுக்கு இரு முனையும் மழுங்கல்தான். அகலம் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஓரத்தில் மெல்லிய பிசிறு. திருப்பங்களையும் கவனியுங்கள்: செதுக்குகிறவர் தகட்டைத் திருப்பித் திருப்பித்தான் வளைவைப் போடுவார், அதனால் வளைவு இறுக்கமாக ஒரு கட்டுக்குள் நிற்கும். எட்சிங்கில் தகட்டின் மேல் பூசிய மெழுகில்தான் ஊசி ஓடும், திறந்த கோட்டை அமிலம் அரிக்கும்; அதில் பேனாவால் கிறுக்கும் சுதந்திரம் உண்டு. நாய் வாலும் இலை நுனியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எட்சிங் கலைஞர் ஜாக் கலோ (1592–1635) காலத்திலிருந்து, சாய்வாகத் தீட்டிய எஷோப் என்ற ஊசியும் கெட்டி வார்னிஷும் புழக்கத்துக்கு வந்தன. அதில் அரித்த கோடும் உளிக்கோடு போலப் பருத்து மெலியும். முனையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் அங்கே ஏமாறுவோம். இரண்டு, கலப்பு வேலை மிகச் சாதாரணம். டச்சுக் கலைஞர் லூக்காஸ் வான் லைடன் 1520லேயே செம்புத் தகட்டில் அரிப்பையும் செதுக்கலையும் சேர்த்திருக்கிறார். கொடியை அரித்துவிட்டு, முகம், கண், மானின் கொம்பு போன்றவற்றை மட்டும் உளியால் இறுக்கிய பட்டைகள் உண்டு. ஆகவே நாலைந்து இடங்களில் பார்த்துச் சொல்லுங்கள்.

இரும்புத் தகடா என்றும் பாருங்கள். தேதியிட்ட எட்சிங்குகளில் மிகப் பழையது சுவிஸ் கலைஞர் ஊர்ஸ் கிராஃப் 1513இல் செய்தது. ஜெர்மன் கலைஞர் டியூரரின் ஆறு எட்சிங்குகளும் (1515–1518) இரும்பில்தான். ஆக்ஸ்பர்க்கின் டேனியல் ஹோப்ஃபர் இந்த வித்தையைப் போர்க் கவசங்களை அலங்கரிக்கும் தொழிலிலிருந்து தாளுக்குக் கொண்டுவந்தவர். கவசக்காரர் பழக்கம் அவர் அலங்காரப் படங்களில் அப்படியே இருக்கும்: கொடியையும் விலங்கையும் பூசி மறைத்துவிட்டு, சுற்றியுள்ள தரையை அரிப்பது. கொடி வெளுப்பாகவும் பின்னணி கறுப்பாகவும் வரும். இரும்பு துருப்பிடிக்கும். படத்தில் காரணமில்லாமல் புள்ளிகளும் சிறு திட்டுகளும் சிதறிக் கிடந்தால், உருவத்தின் மேலும் வெற்றிடத்திலும் வேறுபாடின்றி இருந்தால், துருவைச் சந்தேகிக்கலாம். செம்பில் மெழுகு விட்டுக்கொடுத்த இடத்தில் வரும் கறை வேறு மாதிரி. கோடுகள் நெருங்கிய இடத்தை ஒட்டியே கூடும்.

---

ஈட்டிமுனை:

நான் கோட்டை விட்டுவிட்டு வேட்டையைப் பார்க்கிறேன். இத்தகைய பட்டைகள் சுவரில் மாட்ட அச்சடித்தவை அல்ல. பொற்கொல்லர், துப்பாக்கிக் கட்டையில் மான்கொம்பு இழைப்பவர், வெடிமருந்துக் குப்பி செய்பவர், பெட்டி செய்யும் தச்சர் ஆகியோருக்கான மாதிரிகள். அதனால்தான் மானும் பன்றியும் ஒரே பட்டையில் ஓடுகின்றன. நிஜத்தில் ஆண் மான் வேட்டை கோடையில், பன்றி வேட்டை குளிரில். படம் வரைந்தவருக்குப் பருவம் முக்கியமில்லை; கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி வந்து தொடக்கத்தோடு சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் வரைந்தவர் வேட்டையைக் கண்டவரா, வேறொரு படத்தைக் கண்டவரா என்று சில இடங்களில் பிடிபடும்.

பன்றி ஈட்டி. இலை வடிவ முனைக்குக் கீழே ஒரு குறுக்குக் கட்டை இருக்கிறதா? அது இல்லாவிட்டால் குத்துப்பட்ட பன்றி ஈட்டிக் கம்பிலேயே ஏறி ஆள் மேல் வந்துவிடும். 16ஆம் நூற்றாண்டு ஈட்டிகளில் கை வழுக்காமல் இருக்கக் கம்பில் தோல் வார் சுற்றி ஆணி அடித்திருப்பார்கள். நல்ல கைகாரர் அதைச் சாய்ந்த சிறு கோடுகளாலும் புள்ளிகளாலும் காட்டியிருப்பார். நகலெடுத்தவர் கையில் அந்தக் குறுக்குக் கட்டை முதலில் இலையாக மாறும், பிறகு காணாமலே போகும்.

நாய்கள். தொங்கு காது, கனத்த உதடு என்றால் மோப்ப நாய். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால் என்றால் கண்ணால் பார்த்துத் துரத்தும் வகை, முயலுக்கானது. பன்றி, கரடி மேல் விடுவது அகலக் கழுத்துப்பட்டை போட்ட கனத்த நாய். சிலவற்றுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கியும் உண்டு. உங்கள் பட்டையில் மானைத் துரத்துவது எந்த வகை?

மான். கொம்பு கிளை கிளையாக இருந்தால் செம்மான், உள்ளங்கை போல விரிந்திருந்தால் வேறு இனம். முனைகளை எண்ணுங்கள். பத்து முனை வந்த ஆண் மானைத்தான் வேட்டைக்குத் தகுதியானதாகப் பிரெஞ்சு, ஆங்கில மரபுகள் கருதின. பத்துக்குக் குறையாமல் போடுவது வரைபவருக்கும் கௌரவம், வாங்குபவருக்கும் கௌரவம். ஜெர்மன் நாடுகளில் மான், பன்றி, கரடி எல்லாம் ஆளும் குடும்பங்களுக்கு ஒதுக்கிய பெருவேட்டை. குடியானவருக்கு அது கூடாது. 1525இல் குடியானவர் கிளர்ச்சியின்போது மெம்மிங்கனில் எழுதிய பன்னிரண்டு கோரிக்கைகளில் நாலாவதே வேட்டை, மீன்பிடிப்பு உரிமை பற்றியதுதான்.

அந்தப் பின்னணியில் உங்கள் முயலைப் பாருங்கள். நாயைத் தடியில் கட்டித் தூக்கிப் போகும் முயல் தலைகீழ் உலகக் கேலி. வேட்டைக்காரனையும் நாயையும் முயல்கள் பிடித்து, வாட்டித் தின்னும் காட்சியை கியோர்க் பென்ட்ஸ் 1535 வாக்கில் நூரெம்பர்க்கில் மரவெட்டு அச்சாகப் போட்டிருக்கிறார். ஆகவே பென்சில் குறிப்பு ஊரளவில் அபத்தம் இல்லை. ஆனால் இந்தக் கேலி பழைய கையெழுத்துச் சுவடிகளின் ஓரங்களிலேயே உண்டு, பின்னாலும் நெடுநாள் ஓடியது. முயலை மட்டும் வைத்து ஊர் பேர் சொல்ல முடியாது.

நூரெம்பர்க் என்றதும் எல்லோரும் விர்ஜில் சோலிஸ் (1514–1562) என்பார்கள். அவர் பட்டறையின் அச்சுகள் ஆயிரக்கணக்கில். வேட்டைப் பட்டைகளும் நிறைய. பெரும்பாலும் V, S சேர்ந்த குறி இருக்கும். கத்தரித்த பக்கத்தோடு அது போயிருக்கவும் கூடும்.

---

கொடிக்கருக்கு:

இருவருக்கும் நன்றி. பார்த்ததை எழுதுகிறேன்.

கொடி, நாய், பன்றி எல்லாவற்றிலும் கோட்டு முனை மழுங்கல். மானின் கண்ணைச் சுற்றியும் கொம்பூதியின் கன்னத்திலும் மட்டும் கூர்முனைக் கோடுகள். பின்னணி வெள்ளை. சிதறிய புள்ளிகள் இல்லை. பன்றியின் முதுகில் மட்டும் ஒரு சாம்பல் நிறத் திட்டு, அதன் விளிம்பு கறுப்பு. ஈட்டியில் குறுக்குக் கட்டை உண்டு. கம்பில் குறுக்குக் கோடுகளும் உண்டு. மானுக்குப் பத்து முனை. நாய்கள் தொங்கு காது.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறக்குறைய 26 மி.மீ. இடைவெளியில் தடித்த கோடுகளும் தெரிகின்றன. நீர்க்குறி இல்லை. இன்னொன்று: மானின் முதுகு, கழுத்து, கொம்பு ஓரமாக ஊசி குத்தியது போலச் சிறு துளைகள். மற்ற உருவங்களில் இல்லை. கொம்பூதிக்கும் ஈட்டிக்காரனுக்கும் வாள் வலது இடுப்பில் தொங்குகிறது. இது பிசகா?

---

ஏட்டறை:

துளைகள் நல்ல செய்தி. மாதிரியை வேறு பொருளுக்கு மாற்றும் வழி அது. வெளிக்கோடு நெடுக ஊசியால் குத்தி, தாளை மரத்தின் மேலோ உலோகத்தின் மேலோ வைத்து, துணியில் கட்டிய கரித்தூளை மேலே தட்டுவார்கள். துளை வழியே இறங்கிய புள்ளிகளைச் சேர்த்தால் மான் வந்துவிடும். யாரோ ஒரு கைவினைஞருக்கு மான் மட்டும் தேவைப்பட்டிருக்கிறது. துளையைச் சுற்றிக் கரி படிந்த மங்கல் இருக்கிறதா என்று பின்பக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். மங்கல் இருந்தால் அதை அழித்துச் சுத்தம் செய்யாதீர்கள். வழவழப்பான சுத்தமான பிரதியைவிட இந்தத் துண்டுக்குச் சொல்ல விஷயம் அதிகம். பட்டறைகளில் இப்படிக் குத்தியும் ஒட்டியும் கிழித்தும் தீர்ந்துபோனதால்தான் அலங்கார மாதிரிகள் அரிதாகிவிட்டன.

துளைகளால் இன்னொரு சந்தேகமும் குறைகிறது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பழைய அலங்கார அச்சுகளை ஒளிப்பட முறையில் மறுபடி எடுத்துக் குவித்தார்கள். பாரிஸில் அமாண்ட்-டூரான் செய்த ஹீலியோகிராவ்யூர்களில் (ஒளிப்படத்தால் தகட்டில் ஏற்றி அச்சடித்தவை) மசி மேடும் (தகட்டுப் பள்ளத்து மசி தாளில் புடைத்து நிற்பது) தகட்டுத் தடமும் அசல் போலவே இருக்கும். பின்பக்க முத்திரை போய்விட்டால் குழப்பம்தான். பெர்லினில் அரசு அச்சகமான ரைக்ஸ்ட்ருக்கரை எடுத்தவையும் அப்படியே. மியூனிக்கின் கியோர்க் ஹிர்த் 1877 முதல் வெளியிட்ட அலங்காரத் தொகுப்பிலிருந்து வெட்டியெடுத்த பட்டைகளும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, ஆனால் அவை தட்டையான அச்சு. விரல் நுனிக்கும் சாய்ந்த வெளிச்சத்துக்கும் மசி மேடு தட்டாது. அசலில் துளை இருந்திருந்தால் நகலில் அது அச்சான புள்ளியாகத்தான் வரும். உங்களுடையது நிஜமான ஓட்டை.

தாள்: கம்பித் தடமும் (நீங்கள் சொன்ன நெருக்கமான மெல்லிய கோடுகள்) சங்கிலிக் கோடும் (குறுக்கே ஓடும் தடித்த கோடுகள்) இருப்பது பழைய முறைத் தாள். கம்பித் தடமே இல்லாத தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது. ஆகவே கம்பித் தடம் இல்லையென்றால் பின்காலத்து அச்சு என்று உறுதியாகச் சொல்லலாம். இருக்கிறது என்றால் அவ்வளவு உறுதி கிடையாது. தடத்தோடு கூடிய தாளை 19ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். முழுத் தாளில் நீர்க்குறி ஓரிரு இடத்தில்தான் இருக்கும். இவ்வளவு சிறிய துண்டில் அது விழாதது இயல்பு.

தகடு பழையதாக இருந்தும் அச்சு பிந்தியதாக இருக்கலாம். ஹோப்ஃபர் குடும்பத் தகடுகளே உதாரணம். 17ஆம் நூற்றாண்டில் நூரெம்பர்க் புத்தக வணிகர் டேவிட் ஃபுங்க் இருநூறுக்கும் மேற்பட்ட தகடுகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து மறுபடி அச்சடித்தார். எண் இல்லாதது முந்திய அச்சு, எண் உள்ளது பிந்தியது. அப்படி ஏதாவது சிறு எண் கீழ் ஓரத்தில் இருந்து கத்தரிப்பில் போயிருக்கலாம்.

வாள் விஷயம். வலக்கைக்காரன் வாளை இடது இடுப்பில் கட்டுவான். தகட்டில் வரைந்தது தாளில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும். அனுபவசாலி வரைபடத்தைத் திருப்பிப் போட்டுத் தகட்டில் ஏற்றுவார். வேறொருவர் அச்சைப் பார்த்து நேராகத் தகட்டில் நகலெடுக்கிறவர் அந்தச் சிரமம் எடுப்பதில்லை, அவருடைய அச்சில் எல்லோரும் இடக்கைக்காரர்கள். இருவர் இடுப்பிலும் வாள் வலப்பக்கம் இருப்பதால் நகல் என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் முதல் ஆளே திருப்பாமல் வரைந்த உதாரணங்களும் உண்டு. ஈட்டியைப் பிடித்த கையை வைத்து முடிவு கட்டாதீர்கள்; ஈட்டியை எந்தக் கை முன்னாலும் பிடிக்கலாம்.

தேடும்போது இரு திசையிலும் தேடுங்கள். அச்சுப்படங்களின் பார்ட்ஷ் பட்டியலும் (1803–1821, 21 தொகுதிகள்) ஹால்ஸ்டைன் பட்டியலும் கலைஞர் வாரியாக இருப்பதால், பெயர் தெரியாத பட்டைக்கு அவற்றில் நேரே நுழைவது கஷ்டம். பெர்லின் குன்ஸ்ட்பிப்லியோதேக், வியன்னா எம்ஏகே, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் ஆகிய கலை நூலக, அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் பொருள் வாரியாகத் தேடுவது விரைவு. படத்தை இடவலமாகத் திருப்பி ஒரு பிரதியும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஈட்டிமுனை:

ஒரு மாற்றுக் கருத்து. 16ஆம் நூற்றாண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உருவங்கள் முழு அகாந்தஸ் சுருளுக்குள் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருப்பதும், செம்பில் வெள்ளைப் பின்னணியோடு லேசான கோடு என்பதும் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் பொருந்தும். ஃபுளோரன்ஸின் ஸ்டெஃபானோ டெல்லா பெல்லா (1610–1664) பாரிஸில் இருந்த 1640களில் விலங்குகளும் குழந்தை உருவங்களும் பின்னிய அகாந்தஸ் பட்டைகளை எட்சிங்காகவே வெளியிட்டார். அவற்றை நகலெடுக்காத ஊர் இல்லை. சோலிஸ் வகைப் பட்டைகளில் பெரும்பாலும் வேட்டை ஒரே ஓட்டமாகத் தரையின் மேல் ஓடும், இலைக்கொடி இருந்தாலும் இடையிடையே மரமாக நிற்கும்.

கொம்பூதியின் உடையைப் பாருங்கள். தொடையில் கீறல் கீறலாக வெட்டிய உப்பிய கால்சட்டையும் தட்டைத் தொப்பியும் என்றால் 16ஆம் நூற்றாண்டு மாதிரி. அகன்ற விளிம்புத் தொப்பி, முழங்காலில் முடியும் தொளதொளக் கால்சட்டை, அகல வாய் பூட்ஸ் என்றால் அடுத்த நூற்றாண்டு. விலங்கைவிட உடை நம்பகமான சாட்சி. விலங்கைப் பழைய படத்திலிருந்து எடுப்பார்கள். டியூரரின் 1515 காண்டாமிருகப் படத்தில் இருக்கும் பொய்யான தோள் கொம்பு இருநூறு வருஷத்துக்கும் மேல் பலர் கையில் உயிரோடு இருந்ததே. ஆனால் உடையை நகலெடுப்பவர்கூடத் தம் காலத்துக்குத் தக்கபடி மாற்றிவிடுவார்.

---

கொடிக்கருக்கு:

அகன்ற விளிம்புத் தொப்பி. பூட்ஸின் மேல்வாய் மடிந்திருக்கிறது.

---

ஏட்டறை:

அப்படியானால் பென்சில் குறிப்பில் 'நூரெம்பர்க்' நிற்கலாம், '16ஆம் நூற்றாண்டு' விழுகிறது. 'பெயர் அறியாத கலைஞர், செம்புத் தகட்டு எட்சிங், சிறிது உளி வேலை, 17ஆம் நூற்றாண்டின் நடுவோ பின்னோ, வேறொரு அச்சின் திருப்பு நகலாக இருக்கக்கூடும்' என்று அட்டையில் எழுதுங்கள். கீழே தடம் இல்லாதது கத்தரித்ததால் மட்டும் இருக்க வேண்டியதில்லை: இரண்டு மூன்று பட்டைகளை ஒரே தகட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக அரித்து, அச்சடித்த பிறகு வெட்டிப் பிரிப்பது வழக்கம். உங்களுடையது மேல் பட்டையாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் கலைஞர் பெயர் அடிப்பட்டையில் போயிருக்கலாம். ஜோடியைத் தேடினால் பெயர் கிடைக்கலாம்.

---

தகடும்மசியும்:

மூன்றாவது கேள்வி மிச்சம். அந்தப் பன்றி முதுகுச் சாம்பல் திட்டுதான் அதற்கு விடை. மயிர்க் கோடுகளை நெருக்கமாகப் போட்டிருக்கிறார். அமிலம் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்ற மெல்லிய மெழுகுச் சுவர் அடி இழந்து உதிர, அந்த இடம் முழுக்கப் பள்ளமாகிவிடுகிறது. அகலமான பள்ளத்தில் மசி நிற்காது. துடைக்கும் துணி நடுவிலிருந்து எடுத்துவிடும், விளிம்பில் மட்டும் தங்கும். அதனால்தான் நடுவில் சாம்பல், ஓரம் கறுப்பு.

செய்முறை இப்படி. 1 மி.மீ. செம்புத் தகடு, 5க்கு 15 செ.மீ. ஓரங்களை 45 பாகையில் அராவி வழவழப்பாக்குங்கள். இல்லையென்றால் அச்சு இயந்திரத்தில் தாள் வெட்டுப்படும். சீமைச்சுண்ணாம்புத் (சாக்) தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துப் பிசுக்கை எடுங்கள். தண்ணீர் மணி மணியாகப் பிரியாமல் ஒரே படலமாக நிற்கும்வரை எடுக்க வேண்டும். பாதிப் பிசுக்கோடு பூசிய மெழுகு அமிலத்தில் செதிலாக உரியும்.

பூச்சுக்கு எடை அளவில் தேன்மெழுகு 2, ஆஸ்பால்ட் 2, ரோசின் 1. தகட்டைச் சூடாக்கி உருளையால் மிக மெல்லிசாகப் பரப்புங்கள். புகை வந்தால் சூடு அதிகம். அந்தப் பூச்சு ஆறியதும் ஊசி பட்டுச் சில்லு சில்லாகத் தெறிக்கும். விலங்கு மயிருக்குத் தெறிக்கும் பூச்சு ஆகவே ஆகாது.

வரைபடத்தை ஒளி ஊடுருவும் தாளில் எடுத்துத் திருப்பிப் போட்டு ஏற்றுங்கள், வரைபடத்தில் வாளை இடப்பக்கம் போட்டிருந்தால் அச்சிலும் இடப்பக்கமே வரும். ஊசி செம்பைத் தொட்டால் போதும், கீற வேண்டாம். மயிர்க் கோடுகளை வளரும் திசையில், நீளம் மாறி மாறி, அடுத்தடுத்த இரண்டின் முனை ஒரே வரிசையில் நிற்காதபடி போடுங்கள். நீண்ட நேரம் அரிக்கப் போகும் இடத்தில் கோடுகளுக்கு இடையே அரை மி.மீ.க்குக் குறையக் கூடாது. பன்றி முதுகு கறுப்பாக வேண்டும் என்றால் நெருக்கத்தால் கறுக்க வைக்காதீர்கள், நேரத்தால் கறுக்க வையுங்கள்.

அரிக்க: செறிந்த ஃபெரிக் குளோரைடு கரைசல் 4 பங்கு, அதில் சிட்ரிக் அமிலக் கரைசல் 1 பங்கு. சிட்ரிக் கரைசல் என்பது தூள் 1 பங்கு, வெதுவெதுப்பான நீர் 3 பங்கு. சிட்ரிக் இல்லாவிட்டால் கோட்டுக்குள் வண்டல் இறங்கி அரிப்பு நின்றுபோகும். அப்போது தகட்டைக் குப்புறத் தாங்கி வைக்கவோ செங்குத்தாக நிறுத்தவோ வேண்டும். முதலில் சிறு துண்டில் சோதனை. 20 பாகை செல்சியஸ் சூட்டில் இலையின் மெல்லிய நரம்புக்குப் பத்து நிமிடம், நாய்க்கும் மானுக்கும் இருபது, பன்றி முதுகுக்கும் கொடித் தண்டின் நிழலுக்கும் நாற்பது என்று தொடங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கழுவி, உலர்த்தி, போதும் என்ற இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். ஈரத்தின் மேல் வார்னிஷ் ஒட்டாது. பெரும்பாலான தகடுகள் கெடுவது இந்த அவசரத்தில்தான். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாத்திரம் பிளாஸ்டிக் மட்டும். அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் இந்தக் கரைசல் வேகமாகத் தின்னும்.

கண், மூக்கு, கொம்பு நுனி ஆகியவற்றை அரிக்காமல் விட்டு, கடைசியில் பியூரினால் போடுங்கள். உங்கள் பட்டையைச் செய்தவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

---

கொடிக்கருக்கு:

பூச்சைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி. அசல் துண்டின் மேல்பக்க ஓரத்தில் பழைய பசையோடு அட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

---

ஏட்டறை:

வேண்டாம். துளைகளைச் சுற்றிக் கரித்தூள் இருந்தால் நீரோடு போய்விடும். துணுக்கு தாளை இழுத்துச் சுருக்கவில்லை என்றால் அப்படியே விட்டு, அமிலமற்ற அட்டை உறையில் தட்டையாக வையுங்கள். இழுக்கிறது என்றால் தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள், துளைகளின் வரிசையை வைத்து மானின் எந்தெந்தப் பகுதியை எடுத்தார்கள் என்று பார்க்கலாம்.